பொட்டுக்கண்ணிகள் நின்ற வீடு

கடல் வந்து போன பிறகு ஆண்டாங்கழியில் எல்லார் வீட்டுத் தண்ணீரும் வடிந்தது, பள்ளிக்கூடத்தில் நின்றது வடிந்தது, பள்ளிவாசல் முற்றத்தில் நின்றது வடிந்தது, கோயில் குளத்தில் ஏறிய உப்புத் தண்ணீர்கூட முனகிக்கொண்டே இறங்கிப் போனது, தையல்நாயகியின் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் மட்டும் வடியவில்லை. ஏதோ பள்ளமான வீடு, போக வழியில்லாத தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. பின்சுவர் இடிந்து ஓர் ஆள் குனியாமல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையின் விளிம்பில், முழங்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு, கண்ணாடி ஒன்றை நிறுத்தினாற்போல் தண்ணீர் நின்றது. கொல்லையில் மண் காய்ந்து புழுதி பறந்தது. கோழிகள் அந்த நிற்கிற தண்ணீரின் பக்கவாட்டில் அலகை நுழைத்துக் குடித்துவிட்டுப் போயின. உள்ளே பொட்டுக்கண்ணி மீன்கள் நீந்தின.

பொட்டுக்கண்ணி விரல் நீளம்கூட இல்லாத மீன். குழம்புக்கு ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது, வலையில் விழுந்தால் உதறிவிட்டுப் போவார்கள். வாய்க்காலின் நல்ல தண்ணீரும் கழியின் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில், மேல்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே, எந்நேரமும் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். உச்சந்தலையில் வெள்ளியில் ஒரு பொட்டு. அதன் அருமை தெரிந்தவள் அந்த ஊரில் தையல்நாயகி ஒருத்திதான், ஏனென்றால் அதற்குத் தீனி கொசுப்புழு, அவளுக்கு வேலையும் கொசுப்புழு. சுகாதார நிலையத்தில் தினக்கூலிக்கு, நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு வீடுவீடாகப் போய், டயர், ஆட்டுரல், கொட்டாங்கச்சி என்று தண்ணீர் நிற்கிற எதையும் கவிழ்த்துவிட்டு, கவிழ்க்க முடியாத தொட்டியிலும் கிணற்றிலும் மருந்து விட்டு, கதவில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டு வருவாள். மருந்து நாறுகிறது என்று சண்டைக்கு வருகிற வீடுகளில் நாலைந்து பொட்டுக்கண்ணிகளை விடுவாள். லீவு நாட்களில் மகள் சுபிதாவும் கூடப் போவாள். பழைய வேட்டியின் இரண்டு முனையைத் தாய் பிடிக்க, இரண்டு முனையை மகள் பிடிக்க, இருவரும் வாய்க்காலில் மீன் அரிப்பார்கள்.

"ஏம்மா இது மேலயே பாக்குது?" என்று கேட்பாள் சுபிதா.

"யாராச்சும் கூப்புட்டிருப்பாங்க" என்பாள் தையல்நாயகி.

புயல் அடித்த இரவு அவளும் புருஷனும் மகளுமாக மூன்று பேரும் கட்டிலுக்கடியில் கிடந்து பிழைத்தார்கள். விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது. ஓடுகள் பறந்து, தென்னைகள் மொட்டையாகி, ஊரே வெளியே வந்து உயிரோடு இருக்கிறவர்களை ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டது. புருஷன் வேதரத்தினம் உப்பளத்தில் என்ன மிச்சம் என்று பார்க்கப் போனார். சுகாதார ஆய்வாளர் ஞானப்பிரகாசம் போன் பண்ணி, கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் போடணும், எல்லாரும் வந்துடுங்க என்றார். தையல்நாயகி கோட்டை மாட்டிக்கொண்டு மகளிடம் சொன்னாள்: "கம்பி அறுந்து கெடக்கு, வெளிய வராத. கதவத் தாழ் போட்டுக்க. நான் வந்து கூப்புட்டாத்தான் தொறக்கணும்."

"சரிம்மா."

பத்து வயதுப் பிள்ளை. தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் தையல்நாயகி படியிறங்கினாள்.

பதினோரு மணிக்குக் கடல் வந்தது. அலையாக வரவில்லை, இரைச்சலோடும் வரவில்லை. அடுப்பில் மறந்துவிட்ட பால் மாதிரி கழி வழியாகப் பொங்கி, வாய்க்கால் வழியாக ஏறி, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தெருவுக்குள் நுழைந்தது. எதிர்வீட்டு ஜுலைகா பீவியின் மாடியில் நாற்பது பேர் ஏறி நின்றார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில் நீந்தியும் நடந்தும் தையல்நாயகி வீடு வந்து சேர்ந்தபோது வாசக்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இரண்டு கையாலும் அடித்தாள். "சுபிதா, அம்மா வந்திருக்கேன், தொற" என்று கத்தினாள். பின்பக்கமாகச் சுற்றி வந்தபோதுதான் சுவர் விழுந்திருந்ததைப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் இருந்தது, மிதக்கிற பாத்திரங்கள் இருந்தன, பிள்ளை இல்லை.

நான்கு நாள் படகுகள் அலையாத்திக் காடு முழுக்கத் தேடின. கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் ஊரில் தண்ணீர் வடிந்தது. இந்த வீட்டில் நின்றது.

முதலில் வாளியால் இறைத்தார்கள். பிறகு பஞ்சாயத்து டீசல் பம்பைக் கொண்டுவந்து வைத்து ஒன்றரை நாள் ஓட்டியது. குழாயில் வெளியே வந்த தண்ணீரால் தெரு சேறாகி, ஒரு மாட்டுவண்டி அச்சு முறிந்ததே தவிர, உள்ளே தண்ணீர் விரற்கடைகூடக் குறையவில்லை. பம்பு ஓட்டிய கலியமூர்த்தி எஞ்சினை நிறுத்திவிட்டு, "இது போவமாட்டேன்னு நிக்கிது தங்கச்சி, நாம தள்ளப்படாது" என்று சொல்லிக் குழாயைச் சுருட்டினார். அதன் பிறகு ஊர் அந்தத் தண்ணீரோடு பழகிக்கொண்டது. ஊர் என்றால் எதற்கும் பழகிவிடும். துக்கம் கேட்க வந்தவர்கள் கொல்லைப்பக்கம் வந்து, செருப்பைக் கழற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டை வழியாகக் குளத்தில் இறங்குவதுபோல் வீட்டுக்குள் இறங்கி, செங்கல் அடுக்கி உயர்த்திய பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டபடி அழுதார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு லேசாகத் தள்ளினார்கள், அது நேராகக் கட்டிலடிக்கு வந்து நின்றது. தபால்காரர் மாதத்துக்கு ஒருமுறை பேண்டைச் சுருட்டிக்கொள்ளும்போது மட்டும் முணுமுணுத்தார். வாசக்கதவுப் பக்கம் தண்ணீர் இளநீர் போல இனிக்கிறது, பின்சுவர்ப் பக்கம் கண்ணீர் போலக் கரிக்கிறது, நடுவில் இரண்டும் இல்லை என்று ருசி பார்த்தவர்கள் சொன்னார்கள். ஞானப்பிரகாசம் வந்து டார்ச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் தேடினார். வீட்டுக்குள் தண்ணீர் தேங்கினால் நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் அவர். ஒரு புழுகூட இல்லை. மேலே பார்த்தபடி நின்ற மீன்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தையல்நாயகியின் கையிலிருந்தே சாக்பீஸை வாங்கி, இடிந்த சுவரில் தேதி போட்டு, "புழு இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்றை மட்டும் ஊர் பார்க்கவில்லை. கலங்கல் தெளிந்த ஏழாம் நாள் தையல்நாயகி அதைப் பார்த்தாள். வாசக்கதவுக்கு உட்பக்கம், தண்ணீருக்கு அடியில், கடல் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இரண்டு பாதங்கள் பதிந்திருந்தன. விரல்கள் கதவைப் பார்த்து, குதிகால்கள் வீட்டைப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில். நடந்த தடம் இல்லை, நின்ற தடம். தண்ணீர் கணுக்கால் ஏறும்போது வந்து நின்றிருக்கிறாள். தாழ்ப்பாள் அவள் தோளுயரத்தில் இருந்தது. கையை நீட்டினால் போதும். வெளியே தெருவில் ஆட்கள் ஓடுகிற சத்தமும் எதிர்மாடியில் கூப்பிடுகிற சத்தமும் கேட்டிருக்கும். அம்மா குரல் மட்டும் கேட்டிருக்காது. அதனால் நின்றிருக்கிறாள்.

தையல்நாயகி அதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. அவர் அதைப் பார்த்தால் செத்துப்போவார் என்று நினைத்தாள். வாசக்கதவைத் திறக்கவிடாமல் எல்லாரையும் கொல்லைவழியே வரவைத்தாள், சாயங்காலம் விளக்கை அந்தப் பக்கம் வைக்கமாட்டாள், வேதரத்தினம் அங்கே போனால் ஏதாவது வேலை சொல்லித் திருப்பி அழைப்பாள். அவர் உப்பளத்துக்குப் போனதும் தண்ணீரில் இறங்கி, அலை எழும்பாமல் அடிமேல் அடிவைத்துப் போய், குனிந்து பார்ப்பாள். பொட்டுக்கண்ணிகள் எந்நேரமும் அந்த இடத்துக்கு நேர்மேலேதான் கூட்டமாக நிற்கும். அவள் நிழல் விழுந்தால் விலகி வழிவிட்டு, அவள் நிமிர்ந்ததும் பழையபடி கூடும். மார்கழி போனது, கோடை வந்தது, ஊர்க் கிணறுகள் வற்றின. இந்தத் தண்ணீர் வற்றவில்லை, பாதங்களின் விளிம்பு ஒரு மணல்கூடச் சரியவில்லை.

அடுத்த மழைக்குக் காய்ச்சல் வந்தது. கடல்நீர் நின்று அழுகியதில் வாய்க்காலிலும் கழியிலும் ஒரு பொட்டுக்கண்ணிகூட மிஞ்சியிருக்கவில்லை. தையல்நாயகி வேட்டித் துணியோடு மூன்று ஊர் தள்ளிப் போய் அரித்தும் பாசிதான் வந்தது. மருந்துக்கும் பற்றாக்குறை. கொசு, புகைமூட்டம்போல் சாயங்காலத்தில் இறங்கியது. முதலில் ஜுலைகா பீவியின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் கொல்லையில் வந்து நின்றார். கேட்கவில்லை, நின்றார். தையல்நாயகி ஒரு குடத்தில் ஆறு மீன்களை அந்தத் தண்ணீரோடு மொண்டு கொடுத்தாள். ஜுலைகா பீவியின் தொட்டியில் மறுநாளே புழு இல்லை, பேரனும் தேறினான்.

ஆனால் டீசல் பம்புக்குக் குறையாத தண்ணீர் அந்த ஒரு குடத்துக்கு இரண்டு விரற்கடை குறைந்துபோயிருந்தது. சுவரில் ஈரக்கோடு தெரிந்தது. பிடுங்கினால் போகாத தண்ணீர் கொடுத்தால் போகும் என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்சம் குடங்கள் கொடுத்தால் வண்டல் வெளியே தெரியும், காற்றுப் படும், காயும், வெடிக்கும், உதிரும். அவள் அன்றோடு நிறுத்தினாள்.

கலியமூர்த்தியின் மருமகள் மலர்க்கொடி ஒரு காலையில் பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள். இடுப்பில் ஐந்து வயது மகள். பிள்ளை தண்ணீருக்குள் மீனைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டியது.

"அக்கா, எங்க வீட்டுப் பக்கம் பள்ளம். எத்தினி தடவை கவுத்தாலும் ஊறிக்கிட்டே இருக்கு. ரெண்டே ரெண்டு மீனு குடுத்தீங்கன்னா..."

"இல்ல மலரு."

"ரெண்டு போதும்க்கா."

"குடுக்க முடியாது. போ."

மலர்க்கொடி காலி வாளியோடு திரும்பிப் போனாள். பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையை வேனில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் வேன் திரும்பி வந்தது.

தையல்நாயகி சாவு வீட்டுக்குப் போனாள். வசவு விழும், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்துத்தான் போனாள், தூற்றட்டும் என்றுதான் போனாள். மலர்க்கொடி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க புள்ள இருக்குற தண்ணின்னு தெரிஞ்சும் வந்து கேட்டேனேக்கா" என்று அழுதாள். "அந்தப் பாவந்தான்க்கா எம்புள்ளய எடுத்துக்கிச்சு."

அந்தக் கைகளை எப்படி விடுவித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள் என்று தையல்நாயகிக்குத் தெரியாது.

வேதரத்தினம் கொல்லையில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் இடிந்த சுவர்மேல் உட்கார்ந்தாள். "ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாள். "வாசக்கதவுகிட்ட..."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"காலு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மண்வெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத வாரமே பாத்துட்டேன். நீ பாத்தா தாங்கமாட்டியேன்னுதான் அந்தப் பக்கம் பத்தாயப் பலகையக் கொண்டாந்து போட்டேன். நீதான் எடுத்து எடுத்து வெச்ச."

ஒரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே தண்ணீரில், அவருக்குத் தெரியாமல் அவளும் அவளுக்குத் தெரியாமல் அவரும் அந்த இரண்டு பாதங்களைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். 

"தாப்பாளு அவளுக்கு எட்டும்ங்க" என்றாள் தையல்நாயகி.

"எட்டும்."

"எட்டியும் தொறக்கல. நான் கூப்புட்டாத்தான் தொறக்கணும்னு சொல்லிட்டுப் போனேன்."

"தொறந்திருந்தாலும் தெருவுலயும் அதே தண்ணிதானே."

"எதிர்மாடியில நாப்பது பேரு நின்னாங்க. தூக்கியிருப்பாங்க. பொய் சொல்லாதீங்க."

வேதரத்தினம் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஆமா, பொய்தான்" என்றார். "ஒனக்காகச் சொல்லல. எனக்குத்தான் அந்தப் பொய் வேண்டியிருக்கு. நானும் அன்னிக்கு உப்பப் பாக்கத்தானே போனேன்."

கடல் வந்த நாளிலிருந்து அன்றுவரை மகளுக்காக அழுததையெல்லாம் தனித்தனியாக அழுதவர்கள், அந்தப் பட்டப்பகலில், கோழிகள் காலடியில் மேய, முதல் தடவையாகச் சேர்ந்து அழுதார்கள்.

மறுநாள் காலை, வாசக்கதவைத் திறக்கப்போகிறேன் என்று தையல்நாயகி தெருவில் நாலு வீட்டில் மட்டும் சொன்னாள். ஊரே வந்தது. யாரும் என்ன, ஏது என்று கேட்கவில்லை. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு எதிரே நின்றார்கள். ஜுலைகா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வீட்டுப் படியில் நின்றார். மகளைப் புதைத்த ஈரம் காயாத மலர்க்கொடியும் வந்திருந்தாள். தையல்நாயகி மட்டும் கொல்லைவழியே உள்ளே இறங்கினாள். இந்த முறை அவள் தண்ணீரை அலம்பாமல் நடக்கவில்லை, நேராக நடந்தாள். பொட்டுக்கண்ணிகள் விலகின. அவள் கதவருகே போய், குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, வலது காலைத் தூக்கி அந்த வலது பாதத்தின்மேல் வைத்தாள். பிறகு இடது பாதத்தின்மேல் இடது காலை வைத்தாள். பெரிய பாதத்துக்கடியில் சின்னப் பாதங்கள் வெண்ணெய்போல் அமுங்கிக் கரைந்ததை அவள் உள்ளங்காலில் உணர்ந்தாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. நகர்த்த அவளால் முடியவில்லை.

அப்போது வெளியே படியில் நின்ற வேதரத்தினம் கதவில் மெல்லத் தட்டினார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"சுபிதா" என்று கூப்பிட்டார். "அப்பா வந்திருக்கேன். அம்மாவும் வந்திருச்சு. தொறம்மா."

துருப்பிடித்த தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகர்ந்தது.

தண்ணீர் பாயவில்லை, இரையவில்லை. நாலு பேர் தோள்கொடுத்துத் தூக்கிவருவதுபோல் வாசற்படியைத் தாண்டி, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, சனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, ஆள் நடக்கிற வேகத்தில் தெருவின் நடுவே நடந்தது. அதன் மேல்மட்டத்தில் ஆயிரம் வெள்ளிப் பொட்டுகள் வெயிலில் மினுங்கின. ஒவ்வொரு சந்திலும் ஒரு முழ அகலத்துக்குப் பிரிந்து, ஒவ்வொரு வீட்டுக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் ஏறிப் போய், மீன்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. மலர்க்கொடியின் வீட்டுப் பள்ளத்தில் மட்டும் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்று சுழன்றது. பறையடிக்கிற சாமிக்கண்ணு, அடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தோளில் பறையோடு நின்றிருந்தார். தையல்நாயகி அவரைப் பார்த்துத் தலையை அசைத்ததும் அடிக்கத் தொடங்கினார். ஜுலைகா பீவி உதடு அசைய ஓதிக்கொண்டே நடந்தார். அந்த ஊர் வழக்கத்தில் பெண்கள் தெருமுனை தாண்டிச் சாவோடு போவதில்லை. அன்றைக்குத் தெருமுனையோடு எந்தப் பெண்ணும் நின்றுவிடவில்லை.

கழிக்கரையில் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு நல்ல தண்ணீர் முன்னேயும் உப்புத் தண்ணீர் பின்னேயுமாக இறங்கி, கழியோடு கலந்து, இது அது என்று தெரியாமல் ஒன்றாகிப் போனது. தையல்நாயகி ஓடிப்போய் மார்பளவுக்கு இறங்கி இரண்டு கையாலும் அள்ளினாள். அள்ளியது விரலிடுக்கில் ஒழுகியது. "எங்கண்ணு, நான் வந்து கூப்புட்டேன்டி, நீ கேக்கறதுக்குள்ள..." என்று அவள் கத்திய கத்தலில் அலையாத்திக் காட்டுக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. ஒரு வருஷமாக அந்த ஊரார் அந்தக் குரலுக்குத்தான் காத்திருந்தார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. வேதரத்தினம் ஒரு பிடி எள்ளைத் தண்ணீரில் விட்டார்.

பத்து நாளில் காய்ச்சல் அடங்கியது. அதற்குப் பிறகு ஆண்டாங்கழியில் எந்தப் பிள்ளையும் அதில் போகவில்லை.

ஆனால் தண்ணீர் போன அன்று மத்தியானம், சனங்கள் ஒவ்வொருவராகக் கால் கழுவிவிட்டுப் போய், பறைச்சத்தம் ஓய்ந்து, கரையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியபோது, வேதரத்தினம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"வா தையலு, வீட்டுக்குப் போவோம்."

"நீங்க போங்க" என்றாள். "நான் செத்த நேரம் இருந்துட்டு வரேன்."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, ஈரமண்ணில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.